பாலர் நாடக வகுப்பும் பத்தாந்தேதியும்

குழந்தைகளுக்கு நாடகம் பயிற்றுவிப்பதைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கலையைப் பற்றிப் பேசுவர். குழந்தை உள்ளத்தைப் பற்றிப் பேசுவர். காசைப் பற்றிப் பேசுவோர் அரியர். காசுப் பேச்சு கலைக்கு இழுக்கு என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. ஆயினும், ஒரு நாடக வகுப்பு நிலைப்பதும் நொடிப்பதும், அதிற் சேர்ந்த பிள்ளை மேடையேறுவதும் வாசலோடு திரும்புவதும், காசைப் பற்றி நாம் எழுதி வைக்கும் நாலைந்து விதிகளையே பொறுத்திருக்கின்றன. இதை நான் நூல்களிற் படித்து அறியவில்லை. மாத்தளையில், என் கையால் நானே எழுதிய ஒரு விதியினால் அறிந்துகொண்டேன்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 2023ஆம் ஆண்டில், நண்பர் இருவருடன் சேர்ந்து மாத்தளை நகரில் ஒரு பாலர் நாடக வகுப்பைத் தொடங்கினேன். சனி, ஞாயிறு காலை வேளைகளில், வாடகை மண்டபம் ஒன்றிலே வகுப்பு நடந்தது. இருபத்து நான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். கடைத்தெருப் பிள்ளைகளும் ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். எல்கடுவை, இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருவோரும் இருந்தனர்.

எங்கள் கணக்கு மிக எளியது. பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபா. ஆக 24,000 ரூபா. எட்டு நாள் மண்டப வாடகை 8,000. பயிற்றுநர் இருவருக்குத் தலைக்கு 6,000 வீதம் 12,000. எஞ்சிய 4,000 ரூபாவில் மத்தளக்காரரும், பிள்ளைகளின் தேநீரும், பாடப்பிரதி அச்சடிப்பதும் அடங்கவேண்டும். ஆறு பிள்ளைகள் கட்டணம் தராவிடின், ஒரு பயிற்றுநர் சம்பளமின்றி வீடு திரும்புவார். அந்தப் பயிற்றுநர்கள் கூத்தைத் தொழிலாகவே கற்ற இளைஞர்கள். 'சேவை' என்ற சொல்லைச் சொல்லி அவர்களைப் பட்டினி போட எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே விதிகள் எழுதினேன். மாத முதலாந்தேதி கட்டணம் செலுத்தவேண்டும். முதல் வாரம் கடந்தும் செலுத்தாத பிள்ளை வகுப்பில் அமரலாகாது. வராத நாளுக்குக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது. இரண்டு ஒத்திகைகளுக்குத் தொடர்ந்து வராத பிள்ளையின் வேடம் மற்றொரு பிள்ளைக்குக் கொடுக்கப்படும். இவற்றுள் எதுவும் புதுமையன்று. பட்டணத்து நடன வகுப்பிலும் ரியூசன் வகுப்பிலும் நடைமுறையில் உள்ளவையே. படித்துப் பார்த்தபோது அவை நியாயமாகவே எனக்குத் தோன்றின.

சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துச் சென்ற முயலின் கதையை அவ்வாண்டு நாடகமாக்கினோம். முயலாக நடித்தவள் ஒரு தோட்டத்துச் சிறுமி. வயது பத்து. குரல் மெலிந்தது, ஆனால், அவள் பேசத் தொடங்கினால் மண்டபமே அடங்கிவிடும். ஒரு மாதம் ஏழாந்தேதி கடந்தும் அவளுடைய கட்டணம் வரவில்லை. விதியை நினைவூட்டி ஒரு துண்டெழுதி அவளிடமே கொடுத்தனுப்பினேன். அடுத்து வந்த சனிக்கிழமை அவள் வகுப்புக்குள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. விதிப்படி முயல் வேடம் வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. அன்று ஒத்திகை முடியும் வேளையில், மண்டபத்துச் சன்னலின் வெளியே ஒரு தலை தெரிந்தது. அவள்தான். புதிய முயல் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

சில நாளில் தாய் வந்தார். ஆயிரம் ரூபா நோட்டை மடித்து என் மேசைமீது வைத்தார்.

"ஐயா, பத்தாந்தேதிதாங்க எங்களுக்குச் சம்பளம். ஒண்ணாந்தேதி கையில காசு ஏதுங்க? போன மாசம் மழையில பாதி நாள் அரைப்பேருங்க. புள்ளகிட்ட போகாதன்னுதான் சொன்னேன். வெளியில நின்னு பாத்துட்டாச்சும் வர்றேன்னு வந்துருச்சு."

பேர், அரைப்பேர் என்பன தோட்டத்துக் கணக்குச் சொற்கள். முழுநாள் வேலை ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். 2021ஆம் ஆண்டில் வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. ஆக, நான் கேட்ட மாதக் கட்டணம் அத்தாயின் ஒரு முழுப்பேர். அத்தொகைகூட அவருக்குச் சுமையாகத் தோன்றவில்லை, தேதிதான் சுமையாயிற்று. மாத முதலாந்தேதி என்பது அரசாங்க உத்தியோகத்தில் வாழ்ந்த என் பழக்கத்திலிருந்து பிறந்த தேதி. மாதத்தின் கடைசி நாட்களிலேயே சம்பளம் எடுத்துப் பழகியவன் நான். பத்தாந்தேதிக்குக் காத்திருக்கும் வீடுகளும் உண்டென்பதை, முப்பது ஆண்டுகள் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன பின்னரும், நான் எண்ணிப் பார்க்கவில்லை.

வேடத்தைத் திருப்பித் தர முடியவில்லை. புதிய முயலும் ஒரு குழந்தையே; அதன் மனத்தையும் முறிக்கலாகாது. தோட்டத்துச் சிறுமி பின்பாட்டுக் குழுவில் நின்று பாடினாள், நன்றாகவே பாடினாள். அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. ஆளனுப்பிக் கேட்டபோது, "காசு இருக்குங்க, புள்ளைக்குத்தான் மனசு இல்ல" என்று தாய் சொல்லியனுப்பினார். கூத்துப் பழகிய அந்த மனம் போனது போனதுதான்.

இதன் பின்னரே, நம் முன்னோர் இக்காரியத்தை எவ்வாறு நடத்தினர் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடைபெறுகிறது. ரதியும் மன்மதனும் ஆடுகின்றனர், சிவனும் வீரபத்திரரும் தோன்றுகின்றனர், இறுதியில் காமதகனம். இக்கூத்தைப் பழகுவதற்கு மாதக் கட்டணம் ஏது? லயத்துக்கு லயம் காசு சேர்த்துத் தோட்டமே செலவை ஏற்கிறது. மட்டக்களப்பில் அண்ணாவியார் சட்டம் கொடுத்துக் கூத்துப் பழக்குவார். சதங்கை அணிந்து, அரங்கேற்றம் கண்டபின் வீட்டுக்கு வீடு ஆடுவர். அண்ணாவியாருக்கு உரியதை ஊர் கொடுத்து, மரியாதையும் செய்யும். குருவுக்குக் கூலி உண்டு. ஆனால், அது தனியொரு பிள்ளையின் கழுத்தில் தொங்கும் கடன் அன்று. ஊரின் கடன்.

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரிலும் இதற்கொப்பான முறை இருந்தது. தியோனிசஸ் விழாவிற் பாடியாடும் சிறுவர் குழுவைப் பயிற்றுவிக்கும் செலவை ஒரு செல்வர் ஏற்கவேண்டும். அவரைக் 'கொரேகோஸ்' என்பர். சிறுவர் குழுவுக்குப் பொறுப்பேற்பவர் நாற்பது வயதைக் கடந்தவராயிருக்கவேண்டும் என்ற விதியும் அங்கே இருந்ததை, அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் கூறுகிறது. பணம் கொடுப்பவர் எத்தகையவர் என்பதிலும் அந்நகர் கண்ணாயிருந்தது. ஏழைக் குடிமக்களின் நாடக நுழைவுக் காசுக்கெனப் பொதுநிதி ஒன்றும் பிற்காலத்தில் அங்கு இயங்கிற்று.

கட்டணம் இல்லையென்றால் எல்லாம் நலமே என்று கூறிவிடவும் இயலாது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றனர். எம். ஜி. இராமச்சந்திரனும் சிறு வயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிற் சேர்ந்தவரே. இத்தகைய பாலர் கம்பெனிகளிற் சிறுவர்கள் கட்டணம் செலுத்தவில்லை. கம்பெனியே சோறிட்டு, இடமும் அளித்தது. வறுமைப்பட்ட வீடுகள் பிள்ளைகளை அனுப்பின. பெரும் நடிகர்கள் அங்கிருந்து வந்தனர் என்பது உண்மை. பள்ளிப் படிப்பையும் தாய்மடியையும் இழந்து ஊரூராய் அலைந்த சிறுவர்களின் உழைப்பே அங்கே கட்டணமாயிற்று என்பதும் உண்மை. காசாகக் கொடாததைக் குழந்தை வேறொன்றாகக் கொடுக்க நேர்கிறது.

நமது நாட்டில் 1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில்தான். இன்று பாடசாலைகளில் 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடம், அதற்குக் கட்டணமில்லை. யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை அமைத்த குழந்தை ம. சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' எழுதினார். மௌனகுரு 'தப்பி வந்த தாடி ஆடு' எழுதினார். சிறுவர் அரங்கு நமக்கு வாய்த்திருக்கிறது. எங்கள் ஊரும் மாத்தளை கார்த்திகேசு போன்ற நாடகக்காரரைத் தந்த ஊரே. எனினும், பாடசாலையில் நாடக ஆசிரியர் இல்லாத பிள்ளைக்கு எங்களைப் போன்றோரின் வகுப்பே கதி. அப்போது கட்டண விதியும் கல்வி விதியாகிவிடுகிறது.

மறு ஆண்டு விதிகளை மாற்றி எழுதினோம். கட்டணம் பத்தாந்தேதிக்கும் இருபதாந்தேதிக்கும் இடையிற் செலுத்தலாம். தொகை மூவகை: 1,500, 1,000, 500 ரூபா. எதைச் செலுத்துவதென்று பெற்றோரே முடிவு செய்வர், காரணம் கேட்கமாட்டோம். உறையிலிட்டுப் பெட்டியிற் போடவேண்டும். கணக்கெழுதும் ஒருவரையன்றி வேறெவருக்கும், பயிற்றுநருக்குங்கூட, யார் எதைச் செலுத்தினார் என்பது தெரியாது. நிலுவையைப் பற்றிப் பெற்றோரிடம் மட்டுமே பேசுவோம். பிள்ளை கையில் துண்டு கொடுத்தனுப்ப மாட்டோம். வேடத்துக்கும் கட்டணத்துக்கும் தொடர்பில்லை. உடையும் ஒப்பனையும் பொதுப்பெட்டியிலிருந்தே. பயிற்றுநர் சம்பளமே முதற் செலவு. குறைந்தால் நாங்கள் மூவரும் ஊர் அன்பர்களும் ஈடுசெய்வோம். ஆண்டு முடிவிற் பெற்றோர் முன்னிலையில் வரவு செலவை வாசிப்போம்.

வகுப்பு முழுகிப்போகும் என்று நண்பரொருவர் அஞ்சினார். முதல் மாதம் பெட்டியைத் திறந்தோம். எட்டு உறைகளில் 1,500. பத்து உறைகளில் 1,000. ஆறு உறைகளில் 500. மொத்தம் 25,000 ரூபா. பழைய கணக்கிலும் ஆயிரம் மிகுதி! எல்லா மாதமும் இவ்வாறு அமைந்ததில்லை. இரண்டாயிரம், மூவாயிரம் குறைந்த மாதங்களும் உண்டு. ஆனால், ஊதியமின்றி எந்தப் பயிற்றுநரும் திரும்பவில்லை. சன்னலுக்கு வெளியே எந்தப் பிள்ளையும் நிற்கவில்லை.

தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாயிற்று. சம்பளமும் விலையும் மாறிக்கொண்டேயிருக்கும். கட்டணத்தையும் மாற்றி எழுதத்தான் வேண்டும். எழுதும்போது, அக்காசு எந்த வீட்டிலிருந்து, எந்தத் தேதியில் வருகிறது என்று ஒரு தரம் கேட்டுக்கொள்வோம். பாலர் வகுப்பு நடத்தும் ஆசிரிய நண்பர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவே.

அச்சிறுமி இன்று மேல்வகுப்பிற் படிக்கிறாள். ஒருநாள் பஸ் நிலையத்திற் கண்டு, "வகுப்புக்கு வருகிறாயா, அம்மா?" என்று கேட்டேன். "பாப்பம் சேர்" என்றாள். அந்தச் சொல்லோடு காத்திருக்கிறேன்.