தேக்கைக் கலைப்பது பாவமா?



சில மரங்களை வெட்டினால்தான் மற்ற மரங்கள் பெருக்கும் என்றால் நம்புவீர்களா? எங்க அப்பா நம்பவில்லை.

மக்காச்சோளம் நெருக்கமாக முளைத்தால் கலைத்து விடுகிறோம் அல்லவா? தேக்குக்கும் அதே வேலைதான். முதலில் வேண்டுமென்றே நெருக்கி நடுவார்கள். 2 மீட்டருக்கு ஒன்று என்றால் ஏக்கருக்குச் சுமார் 1,000 கன்று. நெருக்கத்தில் பக்கக் கிளைகளுக்கு வெயில் கிடைக்காமல் காய்ந்து விழுந்துவிடும். மரம் வெளிச்சத்தைத் தேடி நேராக மேலே போகும். அதுவரை நல்லதுதான். அப்புறம் இடம் போதாது. தண்டு உயரும், பருக்காது. ஏனென்றால் இலை தயாரிக்கும் உணவு முதலில் புதுத்துளிருக்கும் வேருக்கும் போகிறது. மிச்சம் இருந்தால்தான் பட்டைக்கு அடியில் உள்ள கேம்பியம் (நம் அறிவியல் பாடத்தில் வருவதுதான்) புது மரத்தைச் சேர்க்கும். பக்கத்து மரத்தை எடுத்தால் தலைப்பகுதி விரியும், இலை கூடும், அடுத்த வருஷங்களில் வளையம் அகலமாகும். தேக்கு கோடையில் இலை உதிர்ப்பதால் வளையம் தெளிவாகத் தெரியும். மரக்கடைக்குப் போனால் எண்ணிப் பாருங்கள், எந்த வருஷம் பட்டினி கிடந்தது என்று தெரிந்துவிடும்!

எங்க காட்டில் நான் பிறந்த வருஷம் நட்ட தேக்கு அரை ஏக்கர் இருக்கு. 14 வருஷமாச்சு, இன்னும் இரண்டு கையால் சுற்றிப் பிடிச்சுடலாம். அப்பாவுக்கு அது என் கல்யாணக் கணக்கு (எனக்குக் காலேஜ் கணக்கு). "ஒன்னை வெட்டினா ஒன்னு குறையுமே சாமி" என்கிறார். குறையும்தான். ஆனால் ஒல்லி மரத்தில் வைரம் கொஞ்சம், வெளுத்த பகுதிதான் அதிகம். வியாபாரி அதற்கு விறகு விலைதான் கேட்பார்.

வெட்டினதும் வீணில்லை. கரும்பில் மறுதாம்பு விடுவது போல, தேக்கின் அடிக்கட்டையும் துளிர்க்கும். பழைய வேர் தயாராக இருப்பதால் கன்றைவிட வேகமாக வளரும். நாலைந்து துளிர் வந்தால் ஒன்றை மட்டும் விட வேண்டும். ஆனைமலை டாப்சிலிப்பில் ஹ்யூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி இந்த முறையில்தான் தேக்கை மறுபடி வளர்த்தார். 1933-இல் இறந்த அவருடைய கல்லறை அங்கேயே இருக்கிறது.

ஆனால் ஒரேயடியாக வெட்டக் கூடாது. நெருக்கத்தில் வளர்ந்த மரம் காற்றில் ஆடிப் பழகாதது, திடீரென்று தனியாக நின்றால் சாய்ந்துவிடும். வெயில் பட்டதும் தண்டிலேயே சின்னச் சின்னக் கிளைகள் கிளம்பி, பலகையில் கணுவாகும். அதனால் சில வருஷம் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாகக் கலைப்பார்கள். எங்க காட்டில் நோஞ்சான், கோணல் மரங்களுக்கு நானும் தம்பியும் சுண்ணாம்பால் குறி போட்டிருக்கோம். அப்பா இன்னும் அழிக்கவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி