கித்தாரில் பதிந்த விண்மீன்

மின்கித்தார் வாசிக்கக் கற்றுக்கொள்ளும் இளையர் பலருக்குச் சில மாதங்களிலேயே ஓர் ஆசை பிறக்கிறது. கடையில் வாங்கிய கருவி மற்றவர்களிடம் இருப்பதைப் போலவே இருக்கிறது. அதன் ஒலியும் அப்படியே இருக்கிறது. ‘இதன் உறுப்புகளை மாற்றினால் என்ன? கரகரப்பான ஒலியை உண்டாக்கும் மின்சுற்றை இதற்குள்ளேயே பொருத்தினால் என்ன?’ என்று அவர்கள் எண்ணத் தொடங்குகின்றனர். இந்த ஆசை புதியதன்று. புகழ்பெற்ற கித்தார் கலைஞர்கள் சிலர் தங்கள் கருவியைத் தாங்களே உருவாக்கியோ மாற்றியமைத்தோ வாசித்திருக்கின்றனர்.

எனினும், விலையுயர்ந்த உறுப்புகளை வாங்கிப் பொருத்திவிட்டால் நல்ல ஒலி தானாக வந்துவிடாது. நமக்கு எந்த ஒலி வேண்டும், அது கருவியின் எந்த இடத்தில் உருவாகிறது என்பவற்றை முதலில் அறிய வேண்டும். கழற்றிய திருகை மீண்டும் மாட்டிவிடலாம். துளையிட்ட மரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது.

கம்பியிலிருந்து ஒலிபெருக்கி வரை

மின்கித்தாரை ஒலிபெருக்கியுடன் இணைக்காமல் மீட்டினால் மெல்லிய ஓசை மட்டுமே கேட்கும். சாதாரணக் கித்தாரில், உள்ளே வெற்றிடம் கொண்ட மரப்பெட்டி கம்பியின் அதிர்வைப் பெரிதாக்கித் தருகிறது. பெரும்பாலான மின்கித்தார்களின் உடலோ கெட்டியான மரத்தால் ஆனது. ஆகவே, கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி, அதை ஒலிபெருக்கிக்கு அனுப்ப வேண்டியுள்ளது.

அந்தப் பணியைச் செய்வது, கம்பிகளுக்குக் கீழே பொருத்தப்பட்டிருக்கும் பிக்கப் என்னும் பாகம். அதனுள் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மிக மெல்லிய செப்புக்கம்பியும் இருக்கின்றன. மேலே இருக்கும் எஃகுக்கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அந்த மாற்றம் செப்புச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் தத்துவமே இது. இயற்பியல் பாடத்தில் நாம் படிக்கும் இந்தத் தத்துவம் ஒவ்வொரு மின்கித்தாருக்குள்ளும் செயல்படுகிறது. கித்தாரின் ஐந்தாம் கம்பி ஒரு வினாடிக்கு 110 முறை அதிர்ந்தால், மின்சாரமும் 110 முறை ஏறி இறங்கும்.

இவ்வாறு பிறந்த மின்குறிப்பு, ஒலியளவுக் குமிழையும் ஒலித்தன்மைக் குமிழையும் கடந்து, இணைப்புக் கம்பி வழியாக ஒலிபெருக்கியைச் சென்றடைகிறது. கலைஞர்கள் காலால் மிதித்து இயக்கும் பெடல்களும் இந்தப் பாதையின் நடுவில்தான் இருக்கின்றன. பாதையின் எந்த இடத்தில் கைவைத்தாலும் ஒலியில் ஏதேனும் ஒரு மாற்றம் ஏற்படும்.

உறுப்புகளை மாற்றுதல்

மிகவும் எளிதாக மாற்றக்கூடியவை கம்பிகள். மெல்லிய கம்பிகளை விரலால் எளிதில் வளைத்து வாசிக்கலாம். தடித்த கம்பிகள் விறைப்பாக இருந்தாலும் கனமான ஒலியைத் தரக்கூடியவை. கம்பியின் தடிமனை மாற்றினால் கித்தாரின் கழுத்தின்மீது விழும் இழுவிசையும் மாறும். அதனால் கழுத்தின் வளைவையும் கம்பிகளின் உயரத்தையும் மீண்டும் சரிசெய்ய வேண்டிவரும்.

அடுத்ததாக, கம்பிகளை இறுக்கும் முறுக்காணிகளைக் குறிப்பிடலாம். கித்தார் அடிக்கடி சுருதி விலகினால், பலரும் முறுக்காணியையே குறை கூறுவர். உண்மையில், கழுத்தின் உச்சியில் கம்பிகள் அமர்ந்திருக்கும் சிறு பள்ளங்களில் அவை சிக்கிக்கொள்வதும் காரணமாக இருக்கலாம். அந்தப் பள்ளங்களில் பென்சில் முனையைத் தேய்த்து, அதன் கரித்தூளைத் தடவினாலே சில வேளைகளில் சிக்கல் தீர்ந்துவிடும். காரணத்தைக் கண்டறியாமல் புதிய முறுக்காணிகளை வாங்கினால் பணம்தான் வீணாகும்.

ஒலியில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவருவது பிக்கப். ஒற்றைச் சுருள் கொண்ட பிக்கப் தெளிவான, கூர்மையான ஒலியைத் தரும். ஆனால், அது சுற்றுப்புறத்தில் உள்ள மின்சாதனங்களின் இரைச்சலையும் ஈர்த்துக்கொள்ளும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் என்ற கணக்கில் திசை மாறி மாறிப் பாய்கிறது. வாசிக்காதபோதும் ஒலிபெருக்கியில் கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற முனகலுக்கு இதுவே காரணம். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் 1955ஆம் ஆண்டில் இதற்கு ஒரு தீர்வு கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிர் முறையில் அவர் இணைத்தார். அவற்றில் புகும் இரைச்சல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன; கம்பியின் ஒலியோ ஒன்றுசேர்ந்து வலுப்பெறுகிறது. ஹம்பக்கர் என்று அழைக்கப்படும் இந்த இரட்டைச் சுருள் பிக்கப்பின் ஒலி தடித்தும் கனமாகவும் இருக்கும்.

குமிழ்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒற்றைச் சுருள் பிக்கப்புடன் பெரும்பாலும் 250 கிலோ ஓம் மின்தடை கொண்ட குமிழையும், இரட்டைச் சுருள் பிக்கப்புடன் 500 கிலோ ஓம் குமிழையும் பயன்படுத்துகின்றனர். மின்தடை குறைந்தால் கூர்மையான ஒலிகள் சற்றுக் கசிந்து மறைந்துவிடும், ஒலி மென்மையாகும். இவ்வளவு சிறிய உறுப்பும் நம் செவிக்குப் புலப்படும் மாற்றத்தை ஏற்படுத்துகிறது.

தேவையை அறிந்து செய்த மாற்றம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாழ்ந்த எட்டி வான் ஹேலன், 1970களில் தமக்கென ஒரு கித்தாரை உருவாக்கினார். ஃபெண்டர் வகைக் கித்தாரின் வடிவமும், கம்பிகளைத் தளர்த்தி இறுக்கும் நெம்புகோலும் அவருக்குப் பிடித்திருந்தன. ஆனால், கிப்சன் கித்தாரின் கனமான ஒலியே அவருக்கு வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் கருவி அவர் கைக்கு எட்டவில்லை. எனவே, சிறு குறையுள்ள மர உடல் ஒன்றை 50 டாலருக்கும், கழுத்துப் பகுதியை 80 டாலருக்கும் வாங்கினார். கிப்சன் கித்தாரின் இரட்டைச் சுருள் பிக்கப்பை அந்த உடலில் பொருத்தினார். பிக்கப்பின் அகலமும் கம்பிகளின் இடைவெளியும் ஒத்துப்போகாததால், அதைச் சற்றுச் சாய்வாக வைத்தார்.

அதிக ஒலியில் வாசித்தபோது சுருளின் செப்புக்கம்பிகளும் அதிர்ந்து கீச்சென்ற ஓசையை எழுப்பும். அதைத் தடுக்க, பிக்கப்பை உருக்கிய மெழுகில் தோய்த்தெடுத்தார். கட்டுப்பாட்டிற்கு ஒலியளவுக் குமிழ் ஒன்றையே வைத்துக்கொண்டார். 1978இல் வெளிவந்த அவருடைய குழுவின் முதல் இசைத்தொகுப்பில் இந்தக் கருவியின் ஒலியைக் கேட்டவர்கள் வியந்தனர். அவர் செய்த ஒவ்வொரு மாற்றத்திற்கும் பின்னால் ஒரு தேவை இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கருவிக்குள்ளேயே ஒலி விளைவுகள்

உறுப்புகளை மாற்றுவதைவிடத் துணிச்சலான செயல், ஒலி விளைவுகளை உண்டாக்கும் மின்சுற்றைக் கித்தாருக்குள்ளேயே பொருத்துவதாகும். கரகரப்பை உண்டாக்கும் சுற்றை எடுத்துக்கொள்வோம். அது பிக்கப்பிலிருந்து வரும் மின்குறிப்பை அளவுக்கு மீறிப் பெருக்குகிறது. எல்லையைத் தாண்டும் அலைகளின் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. இவ்வாறு வெட்டுப்படும்போது, மூல ஒலியில் இல்லாத புதிய ஒலிகள் சேர்கின்றன. அவற்றையே நாம் கரகரப்பாக உணர்கிறோம்.

இவ்வாறு உள்ளேயே பொருத்துவதில் நன்மைகள் உள்ளன. மேடையில் பெடல் இருக்கும் இடத்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. வாசிக்கும் கையாலேயே விளைவைக் கூட்டலாம், குறைக்கலாம். மியூஸ் என்னும் ஆங்கிலேய இசைக்குழுவைச் சேர்ந்த மேத்தியூ பெல்லமியின் கித்தார்கள் சிலவற்றில் கரகரப்புச் சுற்றும், விரலால் தடவி விளைவுகளைக் கட்டுப்படுத்தும் தொடுபலகையும் இடம்பெற்றுள்ளன. கருவி செய்யும் வல்லுநரான ஹியூ மேன்சன் அவற்றை உருவாக்கினார்.

அதே வேளையில், சில குறைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுற்று இயங்குவதற்குப் பெரும்பாலும் 9 வோல்ட் மின்கலம் தேவைப்படும். பல கித்தார்களில் இணைப்புக் கம்பியைச் செருகியவுடனேயே சுற்று இயங்கத் தொடங்கிவிடும். வாசித்து முடித்த பின் அதைக் கழற்ற மறந்தால் மின்கலம் தீர்ந்துபோகும். சுற்றுக்கும் மின்கலத்திற்கும் இடம் போதாவிட்டால் மரத்தைக் குடைய வேண்டும். நிலைமாற்றிக்குத் துளையிட வேண்டும். பெடல் பிடிக்கவில்லை என்றால் நண்பரிடம் கொடுத்துவிடலாம். கித்தாரில் இட்ட துளையை யாரிடம் கொடுப்பது?

அப்பாவும் மகனும் செய்த கித்தார்

இந்தக் கேள்விக்கு விடைபோல அமைந்த கருவி ஒன்று இங்கிலாந்தில் உள்ளது. 1963ஆம் ஆண்டில், பதினாறு வயது மாணவரான பிரையன் மே தமக்குப் பிடித்த மின்கித்தாரை விலைகொடுத்து வாங்க இயலாத நிலையில் இருந்தார். மின்னணுத் துறை அறிந்த அவருடைய தந்தை ஹெரால்டு, “நாமே செய்வோம்,” என்று மகனுடன் இணைந்தார். இருவரும் ஏறத்தாழ ஈராண்டுகள் உழைத்தனர்.

பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் கித்தாரின் கழுத்தாக மாறியது. அந்த மரத்தில் இருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சிகளைக் கொண்டு அடைத்தனர். உடலுக்குப் பழைய மேசையின் மரம் உதவியது. நெம்புகோல் அமைப்பில் மோட்டார் சைக்கிளின் சுருள்வில்கள் இரண்டு இடம்பெற்றன. அம்மாவின் பின்னல் ஊசியின் நுனி, நெம்புகோலின் கைப்பிடியானது. அவருடைய தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் கழுத்தின்மீது அடையாளப் புள்ளிகளாயின.

பிக்கப்புகளையும் பிரையன் முதலில் தாமே செய்தார். கம்பியை இழுத்து வளைக்கும்போது அவற்றின் ஒலி நிறைவளிக்காததால், பர்ன்ஸ் நிறுவனத்தின் மூன்று பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினார். ஒவ்வொரு பிக்கப்பையும் தனித்தனியே இயக்கவும், அதன் மின்குறிப்பை எதிர்த்திசையில் திருப்பவும் நிலைமாற்றிகளை அமைத்தார். அதனால் ஒரே கருவியில் பல்வேறு ஒலிகளைப் பெற முடிந்தது.

அந்தக் கித்தாருக்குள் அவர் ஒரு கரகரப்புச் சுற்றையும் பொருத்தியிருந்தார். ஆனால், வாக்ஸ் ஒலிபெருக்கி ஒன்றை முழு விசையில் இயக்கியபோது, அது இயல்பாகத் தந்த கரகரப்பே அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. உள்ளிருந்த சுற்று தேவையற்றதாயிற்று, அதை அகற்றிவிட்டார். நிலைமாற்றி இருந்த துளை மட்டும் எஞ்சியது. அந்த இடத்தை அவர் முத்துச்சிப்பியால் செய்த சிறு விண்மீனால் மூடினார். குவீன் இசைக்குழுவின் கலைஞராக உலகப் புகழ் பெற்ற பிறகும் அவர் அதே கித்தாரைத்தான் வாசித்தார். 2007ஆம் ஆண்டில் விண்ணியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்ற அவருடைய கருவியில், அந்த விண்மீன் இன்றும் பதிந்திருக்கிறது.

மாற்றுவதற்கு முன்

இவற்றிலிருந்து நாம் ஓர் ஒழுங்குமுறையை வகுத்துக்கொள்ளலாம். முதலாவதாக, செலவில்லாத மாற்றங்களைச் செய்து பார்க்க வேண்டும். பிக்கப்பின் இருபுறமும் உள்ள திருகுகளைத் திருப்பி, அதன் உயரத்தைச் சற்று மாற்றினாலே ஒலி மாறுவதை உணரலாம். இரண்டாவதாக, ஒரு நேரத்தில் ஓர் உறுப்பை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், எது ஒலியை மாற்றியது என்பது தெரியாமல் போகும். மூன்றாவதாக, கழற்றுவதற்கு முன் இணைப்புகளைப் படம் பிடித்து, பழைய உறுப்புகளைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒலி விளைவுகளைப் பொறுத்தவரை, முதலில் பெடலாகப் பயன்படுத்திப் பார்ப்பதே நல்லது. பல மாதங்கள் கழித்தும் அந்த ஒலி பிடித்திருந்தால், அதன் பிறகு மரத்தைக் குடைவது பற்றி யோசிக்கலாம்.

பாதுகாப்பும் முக்கியம். ஈயம் உருக்கிக் கம்பிகளை இணைக்கும் சால்டரிங் கருவியின் முனை 300 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகும். எனவே, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில், ஆசிரியர் அல்லது பெரியவர் துணையுடன் இந்த வேலையைச் செய்ய வேண்டும். ஒலிபெருக்கியின் உட்பகுதியை மட்டும் ஒருபோதும் திறக்கக்கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கலாம்.

பிரையனின் கரகரப்புச் சுற்று வீண்முயற்சி என்று சொல்ல முடியுமா? அதைப் பொருத்திப் பார்த்ததாலும், பிறகு மற்றோர் ஒலியைக் கேட்டதாலும்தான் தமக்கு வேண்டியது எது என்பதை அவர் அறிந்துகொண்டார். நம் முயற்சிகளிலும் சில தவறலாம். சில துளைகள் எஞ்சலாம். அவற்றை மறைக்க வெட்கப்படத் தேவையில்லை. ஆனால், துளையிடும் முன் நன்றாகக் கேட்டுப் பழகிய செவி நமக்கு வேண்டும்.