கொடிகளின் கதை – 9: பூக்காத கொடி

சென்ற வாரம் பார்த்த பிரம்பு, முள்ளால் கொக்கி போட்டு மரமேறும். இந்த வாரக் கொடிக்கு முள்ளும் இல்லை, பற்றுக்கம்பியும் இல்லை. வேர்தான் ஏணி. அதைத் தேடி எந்தக் காட்டுக்கும் போக வேண்டாம். உங்கள் ஜன்னலோரம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலேயே நிற்கும். மணி பிளான்ட்.

அதன் பூர்வீகம் பசிபிக் கடலில் தஹிதிக்குப் பக்கத்திலுள்ள மூரியா என்ற சின்னத் தீவு. சேனை, சேம்பு எல்லாம் இதற்குப் பங்காளிகள். சேனைக்கிழங்கை நறுக்கினால் கை அரிக்கிறதே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் உண்டு. கைக்குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள்.

பாட்டிலில் இலை உள்ளங்கை அளவைத் தாண்டாது. அதே கொடி பெரிய மரம் ஒன்றைப் பிடித்துவிட்டால் ஆளே மாறிவிடும். கணுவுக்குக் கணு வேர் விட்டு, பட்டையில் ஒட்டிக்கொண்டு 20 மீட்டர் வரை ஏறும். ஏற ஏற இலை பெருக்கும். ஒரு மீட்டர் நீளம்கூட வரும். ஓரங்கள் கிழிந்து, சின்ன வாழையிலை காற்றில் கந்தலானது போலிருக்கும். இரண்டும் ஒரே செடி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை.

பிடிமானம் கிடைத்து மேலே போனால்தான் இந்தக் கொடி வயதுக்கு வரும். தொங்கவிட்டால் இலை சிறுத்து, கணுவிடை நீண்டு, தண்டு மெலிந்துவிடும். வேறு மரம் தேடி அலையும் கோலம் அது. பால்கனியில் நாம் அழகு என்று தொங்கவிடுவது இதைத்தான். தேங்காய் நார் சுற்றிய குச்சி ஒன்றை நட்டுக் கொடியைக் கட்டிப் பாருங்கள், சில மாதங்களில் இலை அகலமாவது தெரியும்.

இலை பெருத்தாலும் பூ மட்டும் வராது. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல். பூப்பதற்கு இதற்கு ஜிப்பரெலின் என்ற ஹார்மோன் வேண்டும். அதைத் தயாரிக்கும் மரபணு ஒன்று இதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது கொடி பூத்தது. பூ இல்லையென்றால் விதையும் இல்லை. ஆக, உலகமெங்கும் இந்தச் செடி பரவியது கிள்ளி நட்ட துண்டுகளால்தான். மணி பிளான்ட்டைத் திருடி வந்து வைத்தால்தான் பணம் சேரும் என்பார்கள். பணத்தைப் பற்றித் தெரியாது, செடிக்கு அந்தத் திருட்டு மிகவும் உதவியிருக்கிறது.

விதையில்லாத செடியால் என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் கண்டி நகரை ஒட்டிய உடவத்தகெலே காட்டில் பல ஹெக்டேர் பரப்பை இது மூடியிருக்கிறது. தரையெல்லாம் படர்ந்து, மரங்களிலும் ஏறியிருக்கிறது. வெட்டிப் போட்டாலும் ஈர மண்ணில் கிடக்கும் ஒரு கணு போதும், மறுபடி வேர் விட.