குளத்துக்குள் ஒரு மூங்கில் வகுப்பறை

நீர் சூழ்ந்த நிலத்தில் பிறந்தவர்கள் தாமாகவே நீந்தக் கற்றுக்கொண்டுவிடுவார்கள் என்று பரவலாக நம்பப்படுகிறது. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய பேராறுகளின் கழிமுகத்தில் அமைந்த வங்கதேசத்தின் இறப்புக் கணக்கு இந்த நம்பிக்கைக்கு இடம் தருவதில்லை. அந்நாட்டில் 2003இல் வீடுவீடாகச் சென்று நடத்தப்பட்ட உடல்நல, விபத்துக் கணக்கெடுப்பு, ஒரு வயதைக் கடந்த பிள்ளைகளின் இறப்புக்கான காரணங்களில் நீரில் மூழ்குதலே முதலிடம் வகிப்பதையும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 17,000 பிள்ளைகள் அவ்வாறு மாண்டுபோவதையும் வெளிக்கொணர்ந்தது. அதுவரை இது சுகாதாரத் துறையின் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் எளியது: நோயாளிகளின் கணக்கு மருத்துவமனையில் இருக்கும், ஆனால் குளத்திலிருந்து உயிரற்று எடுக்கப்பட்ட குழந்தையை யாரும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதில்லை, ஊரிலேயே அடக்கம் செய்துவிடுகிறார்கள்.

இந்த இறப்புகள் பேராறுகளில் நிகழவில்லை என்பதே ஆய்வாளர்கள் முதலில் கவனித்த செய்தி. வெள்ளத்துக்குத் தப்ப வீட்டு மனையை மேடாக்குவதற்கு மண் தேவைப்படுகிறது. மண் வெட்டிய பள்ளத்தில் மழைநீர் தேங்கிக் குளமாகிறது. ஆகவே அங்கே வீடு என்று ஒன்று இருந்தால் அதன் கொல்லையில் குளம் என்று ஒன்றும் இருக்கும். குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் மீன் வளர்ப்பதும் அதில்தான். சிறு பிள்ளைகளின் இறப்புகளில் பெரும்பாலானவை வீட்டிலிருந்து 20 மீட்டருக்குள், காலை 9 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில், தாய் அடுப்படியிலும் தந்தை வயலிலும் இருக்கையில் நேர்ந்திருந்தன.

இந்தக் கண்டறிதலிலிருந்து இரண்டு தனித்தனித் தீர்வுகள் பிறந்தன. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்ததே அவற்றை வகுத்தவர்களின் அறிவுடைமை எனலாம். ஒன்று முதல் நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நீச்சல் கற்பித்து அதன் உயிரைக் காத்துவிடலாம் என்று எண்ணுவதற்கில்லை, அந்த வயதுக்குத் தேவை ஒரு பெரியவரின் கண்காணிப்பு மட்டுமே. எனவே, வங்கதேசத்தின் விபத்துத் தடுப்பு ஆய்வு மையம் 2005 வாக்கில் ராய்கஞ்ச், ஷேர்பூர், மனோஹர்தி ஆகிய மூன்று வட்டாரங்களில் தொடங்கிய திட்டத்தில், ஆபத்து மிகுந்த அந்த முற்பகல் நேரத்தில் ஊரிலேயே ஒரு பெண்ணின் பொறுப்பில் சிறு குழந்தைகளை விட்டுவைக்கும் காப்பகங்கள் அமைக்கப்பட்டன. முந்தானை என்று பொருள்படும் ‘ஆஞ்சல்’ என்ற வங்கச் சொல்லே அவற்றின் பெயராயிற்று. நான்கு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு மற்றொரு தீர்வாக, அதே ஊர்க் குளத்தில் நீச்சல் வகுப்பு தொடங்கப்பட்டது. அதன் பெயர் ‘ஸ்விம்சேஃப்’.

நீச்சல் என்றதும் நீலநிற ஓடு பதித்த தொட்டியும் குளோரின் வாடையும் நினைவுக்கு வரும் நகரவாசிகளுக்கு இந்த வகுப்பறை வியப்பளிக்கக்கூடும். குளத்தின் கரையோரத்தில் மூங்கில் கம்பங்கள் ஊன்றப்பட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே, பிள்ளைகள் நின்றால் தலை வெளியே தெரியும் ஆழத்தில், பிளந்த மூங்கில்களால் ஒரு தளம் பரப்பப்படுகிறது. சுற்றிலும் மூங்கில் கைப்பிடிகள் கட்டப்பட்டு, கரையிலிருந்து இறங்கப் படி வைக்கப்படுகிறது. சேறும் சறுக்கலும் திடீர்ப் பள்ளமும் கொண்ட குளத்தின் ஒரு பகுதி இவ்வாறு சமதளமும் எல்லையும் உடையதாக மாறிவிடுகிறது. கற்பிப்பவர்கள் பதக்கம் வென்ற வீரர்கள் அல்லர். பயிற்சி பெற்ற அதே ஊர் இளைஞர்களும் இளம்பெண்களும்தான். பெண் பயிற்சியாளர் இருந்தால்தான் பெண் பிள்ளைகளை அனுப்பப் பல குடும்பங்கள் இசைகின்றன என்பதால், திட்டத்தில் பெண்களின் இடம் அலங்காரத்துக்கானது அன்று.

பாடத்தின் இலக்கும் அடக்கமானதே. 25 மீட்டர் தூரம் ஏதேனும் ஒரு முறையில் நீந்துவது, குறைந்தது அரை நிமிடம் ஓரிடத்தில் மிதந்து நிற்பது, கரையில் நின்றபடியே பிறரை மீட்பது ஆகிய மூன்றும் கைவந்துவிட்டால் பிள்ளை தேறிவிட்டதாகக் கொள்ளப்படும். ஊர்க் குளங்களில் தவறி விழுபவருக்கும் பாதுகாப்பான கரைக்கும் இடையிலான தொலைவு பெரும்பாலும் 25 மீட்டருக்கு உட்பட்டதே. இதனை ‘உயிர்காப்பு நீச்சல்’ என்பர். வேகமும் அழகும் இதில் கணக்கில் இல்லை.

மிதப்பதைப் பாடத்தின் நடுவில் வைத்திருப்பதற்கு வலுவான இயற்பியல் காரணம் உண்டு. ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ அவ்வளவு நீரின் எடைக்குச் சமமான விசை அதனை மேல்நோக்கித் தள்ளுகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியை மிக நெருங்கியது. நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது பெரும்பாலோரின் உடல் நீரைவிடச் சற்றே இலேசாகவும், மூச்சை முழுதும் வெளியே விட்டபின் சற்றே கனமாகவும் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஆழ்ந்து மூச்சிழுத்து அசையாமல் இருந்தால், உடலில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் அளவுள்ள பகுதி மட்டுமே நீருக்கு வெளியே நிற்கும் என்று கொள்ளலாம். வளர்ந்தவரின் தலையோ நான்கு, ஐந்து கிலோ எடையுள்ளது. அதாவது, கையையோ காலையோ இயக்காமல் தலை முழுவதையும் நீருக்கு மேலே வைத்திருக்க இயற்கை இடம் தரவில்லை. ஆனால் மல்லாந்து படுத்து, பின்மண்டையையும் காதுகளையும் நீருக்குள் விட்டுவிட்டால், மூக்கும் வாயும் வெளியே நிற்க அந்த இரண்டு லிட்டர் போதுமானது.

நீந்தத் தெரியாதவர் அஞ்சிக் கைகளை உயரத் தூக்கினால் நிகழ்வதும் இதே கணக்கின் மறுபக்கமே. நீருக்குள் இருந்தவரை ஏறக்குறைய எடையற்றிருந்த கைகள், வெளியே வந்தவுடன் தம் முழு எடையோடு உடலைக் கீழே அழுத்துகின்றன. ஒவ்வொரு கையும் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு என்பதால், இரு கைகளும் மேலே போனால் முகம் உள்ளே போவது உறுதி. தமிழக ஊர்க் கிணறுகளில் நீச்சல் பழகும் பிள்ளையின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிவிடும் வழக்கம் இந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்வதற்கே எழுந்தது. குடுக்கைக்குள் இருக்கும் ஓரிரு லிட்டர் காற்று, தலையின் எடையைத் தாங்கிக்கொள்கிறது. குடுக்கையை அவிழ்த்தபின் மூச்சைக் கொண்டே அவ்வேலையைச் செய்யப் பிள்ளை பழக வேண்டும் என்பதால், மூங்கில் மேடையின் முதல் பாடங்கள் கைகால் வீச்சில் தொடங்குவதில்லை. முகத்தை நீருக்குள் வைத்துக் குமிழிவிட்டு மூச்சை வெளியேற்றுவதும், தலையைத் தூக்கி விரைந்து மூச்சிழுப்பதுமே தொடக்கம்.

மூழ்குதல் என்பது நீருக்குள் போவதால் மூச்சு தடைபடும் ஒரு நிகழ்முறை என்று 2002இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக மாநாட்டில் வரையறுக்கப்பட்டது. இறப்பு அதன் முடிவுகளில் ஒன்று மட்டுமே. திரைப்படங்களில் காட்டப்படுவது போல அது கூச்சலோடு நிகழ்வதில்லை. நியூயார்க் கடற்கரையில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய ஃபிராங்க் பியா, மூழ்குபவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து, அவர்கள் கூவுவதுமில்லை, கையசைப்பதுமில்லை என்று 1970களில் காட்டினார்: வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வருவதால் மூச்சுக்கே நேரம் போதாது, கூவுவதற்கு மிஞ்சுவதில்லை, கைகள் தன்னிச்சையாக இரு பக்கமும் விரிந்து நீரைக் கீழே அழுத்துகின்றன, 20 முதல் 60 வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பத்தடி தள்ளித் துணி துவைத்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் கேட்காமல் போவதன் காரணம் இதுதான்.

மூன்றாவது தேர்வான கரைமீட்பும் இதை ஒட்டியதே. மூழ்குபவர் கைக்கு எட்டியதைப் பற்றி அதன்மேல் ஏற முயல்வார், அது காப்பாற்ற வந்தவரின் தலையாகவும் இருக்கலாம். ஒருவரைக் காக்கக் குதித்து இருவர், மூவர் இறந்த செய்தி கோடை விடுமுறையில் தமிழ் நாளிதழ்களிலும் தவறாமல் வருகிறது. ஆகவே மூங்கில் கழியை நீட்டுவதும், கயிற்றையோ மிதக்கும் பொருளையோ எறிவதும், உரக்கக் கூவிப் பெரியவர்களை அழைப்பதும் கற்றுத் தரப்படுகின்றன. நீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றி வயிற்று நீரை வெளியேற்றும் பழைய வழக்கம் பயனற்றது மட்டுமன்று, தீங்கானதும்கூட. மூச்சு நின்ற குழந்தைக்கு வேண்டியது வாய்வழிக் காற்றும் நெஞ்சழுத்தமும் என்பதைப் பெரியவர்களுக்கு உணர்த்துவதும் இத்தகைய திட்டங்களின் பணியாகிறது.

பலன் என்ன என்பதற்கு விடை 2012இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்தது. காப்பகத்தில் சேர்ந்த குழந்தைகளிடையே மூழ்கி இறப்போர் விகிதம், சேராதவர்களைவிட ஏறத்தாழ 80 விழுக்காடும், நீச்சல் பயின்ற பிள்ளைகளிடையே 90 விழுக்காட்டுக்கு மேலும் குறைந்திருந்தது. இந்த எண்களைச் சற்று நிதானத்தோடு படிப்பது நல்லது. சீட்டுக் குலுக்கிப் பிரித்தாற்போல் பிள்ளைகளை இரு குழுவாக்கி நடத்தப்பட்ட ஆய்வு அன்று அது; தாமாக முன்வந்து பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் இயல்பிலேயே கூடுதல் கவனம் உடையவர்களாக இருந்திருக்கக்கூடும். அதற்குரிய கழிவைக் கழித்துப் பார்த்தாலும், குறைந்த செலவில் இத்துணைப் பலன் தரும் குழந்தைநலத் திட்டங்கள் அரியவை. நீந்தத் தெரிந்தால் பிள்ளைகள் துணிந்து ஆழத்துக்குப் போய்விடுவார்கள் என்று எழுந்த ஐயமும் ஆராயப்பட்டது. முறையாகப் பயின்றவர்கள் அதனால் நீரை அதிகம் நாடியதாகத் தெரியவில்லை.

வளர்ந்தவர்களுக்கு இத்தகைய வகுப்பு தேவையா என்ற கேள்விக்கு 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை கசப்பான விடை தந்தது. கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்களின் எண்ணிக்கை ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2005இல் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு வெளியிட்ட அறிக்கை குறிப்பிட்டது. இலங்கையில் ஆண்பிள்ளைகளுக்கே நீந்தவும் மரம் ஏறவும் கற்றுத் தரப்படுவதையும் அது சுட்டியது. கரையில் மீனுக்காகக் காத்திருந்தது, இடுப்பில் குழந்தை, காலைச் சுற்றும் சேலை எனக் காரணங்கள் பல. பெண்ணுடலில் கொழுப்பின் பங்கு கூடுதல், கொழுப்பு நீரைவிட இலேசானது. ஆகவே அசையா நீரில் சராசரியாக ஆணைவிடப் பெண்ணே எளிதில் மிதக்கக்கூடியவள். இயற்கை தந்த அந்தச் சலுகையைப் பழக்கம் பறித்துக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். பேரலைக்குப் பின் இலங்கையின் தென்கரையில் வெலிகமவில், பெண்களே பெண்களுக்குக் கற்பிக்கும் நீச்சல் வகுப்பு தொடங்கப்பட்டதும், கற்றவர்களிலிருந்தே அடுத்த ஆசிரியைகள் உருவாக்கப்பட்டதும் இந்தப் பின்னணியில்தான்.

வளர்ந்தவருக்குக் கற்பிப்பதில் உடல்வலிமை தடையாவதில்லை, அச்சமே தடை. கழுத்தளவு நீரில் நிற்கும்போது நீரின் அழுத்தம் நெஞ்சுக்கூட்டை நெருக்குவதால் மூச்சிழுப்பது சற்றுக் கடினமாகிறது. பழக்கமில்லாதவர் இதை மூச்சுத்திணறல் என்று எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை உயர்த்துகிறார். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழ்ந்து, மூழ்குகிறோம் என்ற அச்சம் மெய்யாகவே தோன்றத் தொடங்கிவிடுகிறது. நல்ல பயிற்சியாளர் முதல் சில வகுப்புகளை நீந்தவிடாமலே கழிப்பதற்கு இதுவே காரணம். மறுபுறம், இடுப்பளவு நீரில் உடல் எடையில் ஏறத்தாழப் பாதியையும், கழுத்தளவு நீரில் பத்தில் ஒன்பது பங்கையும் நீரே தாங்கிக்கொள்வதால், மூட்டுவலியால் நடக்கத் தயங்கும் முதியோருக்கும் அங்கே உடற்பயிற்சி இயலும்.

வங்கதேசமும் அயர்லாந்தும் முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தின்படி, 2021 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூலை 25ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. மறு ஆண்டு வங்கதேச அரசு, 16 மாவட்டங்களில் 8,000 காப்பகங்களை அமைக்கவும், 6 முதல் 10 வயது வரையுள்ள 3,60,000 பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கவும் தன் சொந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆய்வுக்குழுவின் நேரடிப் பார்வையில் மூன்று வட்டாரங்களில் நடந்த ஒன்றை அரசு இயந்திரத்தின் வழியே இவ்வளவு ஊர்களுக்குக் கொண்டுசெல்வது வேறுவகைச் சோதனை. நீரில் நின்ற மூங்கில் விரைவில் மக்கிவிடும்; வறண்ட மாதங்களில் குளம் சுருங்கும், குளிர்காலத்தில் பிள்ளைகளை நீரில் நிறுத்த இயலாது; பயிற்சி பெற்ற இளம்பெண் மணமாகி வேறூர் போனால் அவ்வூருக்கு மற்றொருவரைத் தேட வேண்டும். மேடை கட்டத் திட்டப்பணம் கிடைத்துவிடுகிறது. அதைப் பழுதுபார்க்கவும், ஆண்டுதோறும் ஆறு வயதை எட்டும் புதிய பிள்ளைகளுக்காக வகுப்பை மீண்டும் தொடங்கவும் வேண்டிய சிறுதொகைக்கு நிலையான ஒதுக்கீடு இல்லையெனில், அடுத்த மழைக்காலத்துக்குள் கம்பங்கள் மட்டுமே எஞ்சும்.