கடற்கொள்ளையரும் மதுரைக் காசும்

"வைகை மணலில் கிடைத்த ரோமாபுரிக் காசு, ஸார்! அசல் புதையல்!" என்று யாராவது மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள், சிரித்துவிடவும் வேண்டாம். வைகை மணலில் ரோமாபுரிக் காசு கிடைத்தது உண்மை. அன்றே அதற்குப் போலிகள் இருந்ததும் உண்மை!

ரோமாபுரிக் காசு மதுரைக்கு வந்த கதையில் கடற்கொள்ளையருக்கும் பங்குண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானிய ஆசிரியர், முசிறிக்கு அருகே கொள்ளையர் இருப்பதால் அது நல்ல துறைமுகமல்ல என்று எழுதினார். அக்காலக் கப்பல்களில் காவலுக்கு வில்வீரர்களும் போனார்களாம்! பாண்டியனுக்குச் சொந்தமான பக்கரே துறைமுகமே வசதியானது. அந்த அரசன் வெகு தூரம் உள்ளே மதுரையில் வசிக்கிறான் என்கிறார் அவர். இந்தியா வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை விழுங்கிவிடுகிறதே என்று அங்கலாய்க்கவும் செய்கிறார். எல்லாம் மிளகு முதலிய சரக்குகள் செய்த வேலை!

வந்த பொற்காசுகளை நம்மவர் நகையாகவும் அணிந்தார்கள். சக்கரவர்த்தியின் தலைக்கு மேலே இரண்டு துளை போட்ட காசுகள் கிடைத்திருக்கின்றன. பார்த்துப் பார்த்து இங்கேயே போலிகளும் செய்தார்கள். உருவம் ஏறக்குறைய சரியாக இருக்கும். எழுத்து மட்டும் வெறும் கோடும் புள்ளியுமாக இருக்கும். காசுமாலைப் பிரியம் நமக்கு நேற்று வந்ததல்ல!

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வந்தவை சின்னஞ்சிறு செப்புக் காசுகள். மதுரையில் இவை நிறையக் கிடைத்ததைக் கண்டு, இங்கே ரோமானியர் குடியிருந்திருக்க வேண்டும் என்று 1904-ல் ராபர்ட் சிவெல் எழுதினார். வைகை கடலில் சேரும் அழகன்குளத்திலும் அகழ்வாராய்ச்சியில் ரோமானியக் காசுகள் அகப்பட்டன. மதுரை, கரூர், திருக்கோவிலூர்ச் செப்புக் காசுகளைப் பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-ல் தனி நூலே வெளியிட்டார். செப்புக் காசிலும் போலிகள் உண்டு. இலங்கையில் அவை ஏராளம். சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கவே அவற்றை அடித்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.

இன்றைய போலியோ குடும்பத்தின் சேமிப்பைக் குறி வைக்கிறது. ராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற வருஷமும் பொறித்த 'கும்பெனி அணா'வைப் பல ஆயிரத்துக்கு விற்கிறார்கள். அப்படி ஓர் அணாவைக் கும்பெனியார் வெளியிட்டதே கிடையாது! அரிசியை இழுக்கும் அபூர்வச் செம்பு என்பதும் இதே ரகம். காசின் விளிம்பைச் சுற்றி வார்ப்பின் தையல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது அச்சில் ஊற்றிய நகல்.

மெய்யான புதையலே கிடைத்தாலோ? பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருஷத்துச் சட்டம். மறைத்தால் தண்டனை உண்டு. உருக்கினாலோ, ஒரு பிடி செம்போடு சரித்திரமும் போய்விடும்.

ஆகவே காசை வாங்குமுன் விற்பவரின் நாணயத்தைப் பாருங்கள்!