முள்ளிவாய்க்கால் கிணறும் கடலூர் ஷாம்புவும்

இலங்கையின் வன்னிக் கரையோரத்தில் உள்ள முள்ளிவாய்க்காலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல், நடுவில் ஒடுங்கிய மணல்தரை. மாரியில் மணலுக்குள் இறங்கும் மழைநீர், கீழே கிடக்கும் உவர்நீரைவிடப் பாரம் குறைந்தது என்பதால் அதன் மேலேயே தங்கிவிடுகிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்குதான் கூட. அந்தச் சிறு வித்தியாசமே போதும். கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடிவரை நன்னீர் இருக்கலாம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் சவர் மேலே ஏறும். 2004 ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளுக்குள் கடலையே கொட்டிவிட்டுப் போனது. 2009 இல், போரின் கடைசி மாதங்களில் இங்கே ஒடுக்கப்பட்ட பெருந்திரளான சனங்கள் இந்த மணலைத் தோண்டித்தான் தண்ணீர் தேடினார்கள்.

இப்படிப்பட்ட கரையோரத் தண்ணீரில் குளித்தவர்களுக்குத் தெரியும், சவர்க்காரம் தேய்க்கத் தேய்க்க நுரை வராது. தலைமுடி பிசுபிசுக்கும், வாளியின் உள்விளிம்பில் வெள்ளைப் படை ஒட்டும். பிழை சவர்க்காரத்தில் இல்லை. அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. வால் எண்ணெயைப் பிடிக்கும், தலை தண்ணீரைப் பிடிக்கும். ஏராளமான வால்கள் ஓர் எண்ணெய்த் துளிக்குள் குத்தி நிற்க, தலைகள் வெளியே சூழ்ந்துகொள்ள, அந்த அழுக்கு தண்ணீரோடு போய்விடும். ஆனால் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் இருந்தால் அவை அந்தத் தலைகளைப் பற்றிக்கொள்கின்றன. அப்படிப் பிடிபட்ட சவர்க்காரம் கரையாது. வாளியில் ஒட்டுவது அதுதான்.

தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பாதி, பன்னிரண்டு காபன் அணுக்களே கொண்ட லோரிக் அமிலம். வால் குட்டை என்பதால் உப்புநீரிலும் ஓரளவு கரையும். கடல்நீரிலேயே குளிக்கவேண்டியிருந்த மாலுமிகளுக்குத் தேங்காயெண்ணெயில்தான் சவர்க்காரம் செய்தார்கள்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கில் பொருளாதாரத் தடை இறுகியது. சவர்க்காரம் அருமையாயிற்று, கிடைத்தாலும் விலை கைக்கு எட்டவில்லை. சனங்கள் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் துவைத்தார்கள். காயப்போட்ட உடுப்பை மாடு வந்து சப்பும் என்று அந்தக் காலத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். பனங்களியில் கசப்பாக இருப்பவை ஃபிளாபெல்லிஃபெரின் எனப்படும் சப்போனின்கள். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரைப்பவை இவற்றின் உறவுக்காரர்கள். ஃபிளாபெல்லிஃபெரினின் தலை சர்க்கரைகளால் ஆனது, அதில் மின்னேற்றம் கிடையாது. ஆகவே கல்சியம் பற்றிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. தட்டுப்பாட்டில் வேறு வழியின்றிக் கையில் எடுத்த பழம், கடினநீரில் சவர்க்காரத்துக்கு நேரும் சங்கடம் நேராத பொருள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

செயற்கை நுரைப்பொருள்களும் தட்டுப்பாட்டில் பிறந்தவைதான். முதலாம் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கொழுப்புப் பஞ்சம் வந்தது. சவர்க்காரத்துக்கு மாற்று வேண்டும் என்று அங்குள்ள வேதியியலாளர்கள் தேடினார்கள். அந்த வழியில் தொடர்ந்த ஆய்வின் பயனாக 1930களில் அமெரிக்காவில் சவர்க்காரமே சேராத ஷாம்பு விற்பனைக்கு வந்தது. இன்றைய ஷாம்புகள் பலவற்றில் நுரைப்பது சல்பேற் தலை கொண்ட மூலக்கூறு. சவர்க்காரத்தைப்போல அதைக் கல்சியம் எளிதில் படையாக்கிவிடாது. அதன் பன்னிரண்டு காபன் வாலைப் பெரும்பாலும் தேங்காயெண்ணெயிலிருந்தோ செம்பனை விதையெண்ணெயிலிருந்தோ எடுக்கிறார்கள்.

ஆனால் நெடுங்காலம் ஷாம்பு பணக்காரர்களின் போத்தலில்தான் இருந்தது. அதைக் குடிசைவரை கொண்டுவந்ததில் கடலூர்க் குடும்பம் ஒன்றுக்குப் பெரும்பங்கு உண்டு. மருந்துப் பொருள் வணிகம் செய்த சின்னிகிருஷ்ணன், வசதியானவர்கள் வாங்குவதைக் கூலிக்காரரும் வாங்கவேண்டும் என்று நம்பியவர். ஷாம்புவைச் சிறு பைக்கற்றில் அடைத்து விற்கும் வழியைக் கண்டார். அவர் மறைந்தபின் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவை வளர்த்தார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் குடும்ப வணிகத்தை விட்டு விலகி, 1983 இல் 15,000 ரூபாயோடு தனியே தொடங்கினார். அவருடைய ஷாம்புவுக்குத் தகப்பனின் பெயரெழுத்துகளிலிருந்து பிறந்த பெயர் ‘சிக்’.

அவர் விற்ற முறைதான் எனக்கு மிகப் பிடித்தது. ஊர்த் தெருக்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தலையை எல்லார் முன்னிலையிலும் கழுவிக் காட்டினார்கள், பார்த்தவர்கள் முடியைத் தொட்டுப் பார்த்தார்கள். எந்த நிறுவனத்தின் வெற்றுப் பைக்கற்றானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பைக்கற் இலவசம் என்றார்கள். பிறகு, சிக் பைக்கற்றுகளுக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். மல்லிகை, ரோசா வாசம் சேர்த்தார்கள். ஐம்பது காசுக்கும் ஒரு பைக்கற் வந்தது. 1998 இல் நிறுவனத்தின் பெயர் கவின்கேர் ஆனது. சீயக்காயை மறக்காதவர்களுக்காக மீரா என்ற பெயரில் மூலிகைத் தூளும் அதே நிறுவனத்திலிருந்து வந்தது.

அந்தச் சிறு பைக்கற்றின் கேடும் சிறியதல்ல. பல படைகளை ஒட்டிச் செய்த அந்தத் தாளைப் பிரித்து மீளப் பயன்படுத்துவது மிகக் கடினம். அது மழைநீர் இறங்கவேண்டிய கரையோர மணலிலும் புதைகிறது. உணவும் மருந்தும் தவிர்ந்த, 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட பிளாஸ்ரிக் பைக்கற்றுகளுக்கு இலங்கையில் 2021 மார்ச் 31 முதல் தடை விதிக்கப்பட்டது. கூலிக்காரரின் தலைக்கு எட்டிய ஷாம்புவை மறுபடி போத்தலுக்கே அனுப்பிவிடாமல் இந்தக் குப்பைச் சிக்கலைத் தீர்க்கவேண்டும்.

மறுபடி பனம்பழத்துக்கு வருகிறேன். பனங்களியில் ஜாமும் பானமும் செய்வதற்காக அதன் கசப்பை நீக்கும் ஆய்வுகள் இலங்கையில் நடந்திருக்கின்றன. அந்தக் கசப்புத்தான் நுரைப்பது. அதைப் பிரித்தெடுத்துத் தலைமுடிக்கு உகந்த கழுவுபொருளாக்கி, வன்னிக் கிணற்றுத் தண்ணீரிலேயே சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது என் பெருவிருப்பம். களியின் செம்மஞ்சள் நிறத்தை அகற்றவேண்டும். சில மாதங்கள் மட்டும் விழும் பழத்திலிருந்து ஆண்டு முழுவதும் கெடாத பொருள் வரவேண்டும். கண்ணுக்கும் தோலுக்கும் எரிவு உண்டாக்குமா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பார்க்கவேண்டும்.