சாவி கடைசி வேலை: பல வருஷம் நின்ன எஞ்சினை எழுப்புவது எப்படி?

நமக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது: "தாத்தாவோட மாருதி 800 ஏழு வருஷமா போர்ட்டிகோல நிக்குது. புது பேட்டரி மாட்டி சாவியைத் திருப்பினா ஓடிடுமா?"

ஓடினாலும் ஓடலாம். ஆனா அந்த முதல் திருப்பல்லயே எஞ்சின் கெட்டும் போகலாம். ஓடுற எஞ்சின்ல பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல மெல்லிசா ஆயில் படலம் இருக்கும். வருஷக்கணக்கா நின்னா அது கீழ வழிஞ்சிடும். ஈரக்காத்து பட்டு பிஸ்டன் ரிங் சுவரோட துருப்பிடிச்சு ஒட்டிக்கும். அப்போ ஸ்டார்ட்டர் மோட்டார் பலவந்தமா சுத்தினா ரிங் உடையலாம், சுவர்ல கீறல் விழலாம். அதைச் சரிபண்ற செலவைக் கேட்டதும்தான் பல வண்டிங்க காயலான் கடைக்குப் போகுது.

என் மாமாவோட 1996 மாடல் 800-ஐ ஒரு மெக்கானிக் அண்ணனோட சேர்ந்து எழுப்பினப்ப நாங்க போன வரிசை இதுதான்.

முதல்ல, கண்ணால பாருங்க. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ள எலி கூடு கட்டியிருக்கும், வயரைக் கடிச்சிருக்கும். டைமிங் பெல்ட் ரப்பர். ஓடாம நின்னாலும் அதுக்கு வயசாகும். மாத்திடுங்க.

அடுத்து பெட்ரோல். அதுல சீக்கிரம் ஆவியாகுற பகுதி போயிட்டா மிச்சம் பிசின் மாதிரி ஆகி, கார்புரேட்டரோட நுண்ணிய ஜெட் துளைகளை அடைச்சிடும். டேங்கைக் காலி பண்ணி, கார்புரேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும். இதைத் திறந்த வெளியில, நெருப்பு பக்கத்துல இல்லாம செய்யுங்க. பழைய எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், கூலன்ட் எல்லாத்தையும் மாத்துங்க.

இப்போதான் முக்கியமான கட்டம். மூணு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு துளையிலயும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்க. காலையில க்ராங்க் புல்லி போல்ட்ல ஸ்பேனர் மாட்டி, எஞ்சின் சுத்துற திசையில கையால சுத்துங்க. ரெண்டு முழு சுத்து வந்தா மூணு சிலிண்டரும் தன்னோட நாலு ஸ்ட்ரோக்கையும் முடிச்சிருக்கும். எங்கயாவது இறுகி நின்னா பலம் காட்டாதீங்க. மறுபடி ஆயில் விட்டு இன்னும் சில நாள் காத்திருங்க. நம்ம ஆஃபீஸ் பாஷையில, இது ப்ரொடக்‌ஷனுக்குப் போறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்குற டெஸ்ட்.

தாராளமா சுத்துதா? புது பேட்டரி மாட்டுங்க. பிளக் இல்லாமலே, இக்னிஷன் காயில் வயரைப் பிடுங்கிட்டு, பத்து பத்து செகண்டா ஸ்டார்ட்டரை அடிங்க. கம்ப்ரெஷன் இல்லாததால எஞ்சினுக்குப் பாரம் கிடையாது. ஆயில் பம்ப் நிதானமா பேரிங் வரைக்கும் ஆயிலைக் கொண்டுபோகும். டேஷ்போர்டுல ஆயில் லைட் அணையற வரைக்கும் பொறுமையா இருங்க.

அப்புறம் பிளக், வயர், புது பெட்ரோல், சாவி. ஊத்தின ஆயில் எரியறதால முதல்ல நீலம் கலந்த வெள்ளைப்புகை வரும், பயப்படாதீங்க. ஆனா உடனே ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீங்க. ஆயில் லைட் சில செகண்ட்ல அணையலேன்னா உடனே நிறுத்துங்க.

ஒண்ணு சொல்லிடறேன்: எஞ்சின் ஓடுறதும் வண்டி ரோட்டுக்குத் தயாராகறதும் வேற வேற. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், டயர் வெடிச்சிருக்கும். பதினைஞ்சு வருஷம் தாண்டின வண்டின்னா ஆர்டிஓ ஆஃபீஸ்ல பதிவையும் புதுப்பிக்கணும். அதுவரைக்கும் கேட்டுக்கு உள்ளயே ஓடட்டும்.